ஆதாரம் ஈ

ஆட்சிமுறை என்றோர் அலகு.
முப்பத்தெட்டு ஸ்லைடு.
பதினோராவதிலேயே
கண்ணைத் திறந்தபடி தூங்கப் பழகியிருந்தது
உயர்நிலை மூன்று.

“இதை நானே கேட்க மாட்டேன்” என்றார் பெஸ்தானா,
மனிதவியல் துறைத் தலைவர்.
துறை என்றால் நாங்கள் நால்வர்,
அதிகமாய்க் குளிரும் ஓர் அறை,
மை தீர்ந்ததாகப் பொய் சொல்லும் அச்சுப்பொறி.

ஜூன் விடுமுறை, இரண்டாம் வாரம்.
தெம்பனிஸில் மழை.
ஹஸ்லிண்டா கைப்பேசியை நீட்டினாள்:
பள்ளிக்கு எதிர் புளோக்கின் கீழ்த்தளம், ஒரு தூண்,
தூணில் பலகை.
பந்து விளையாடக் கூடாது,
நான்கு மொழிகளில்.

தமிழில் மட்டும் ‘க்’கன்னாவின் புள்ளியைக் காணோம்.
வாசித்தால் திக்கும்.
நான் அதைத்தான் முதலில் பார்த்தேன்.
பூன் லெங் அபராதத் தொகையைப் பார்த்தார்.
பெஸ்தானா பார்த்தது
பலகையைச் சுற்றிப் பதிந்த
வட்ட வட்டச் சேற்றுக் கறைகளை.

அன்று மாலை ஸ்லைடுகளை அழித்தோம்.

விவரி என்பதா, விளக்கு என்பதா, மதிப்பிடு என்பதா
ஒரு வினைச்சொல்லுக்கு
ஒன்றரை மணி நேரம்,
மூன்று கோப்பி, ஒரு கோபம்.
கடைசியில் எழுதினோம்:
யார் வைத்த பலகை? யார் கேட்டு?
ஆதாரம் நான்கு கொண்டு வா.
ஒவ்வொன்றையும் எவ்வளவு நம்பலாம், சொல்.

கொண்டு வந்தார்கள்.
பிற்பகலின் இரைச்சலை அளந்த வரைபடம்.
பூனைக்குச் சோறு வைக்கும் பெண்மணியின்
இருபது நிமிடப் பேச்சு.
நகர மன்றத்துக்கு எழுதிய கடிதத்துக்குப் பதிலாக
வந்து சேர்ந்த ஓர் எண்.
பத்து வயதுப் பையன் ஒருவனின் வாக்குமூலம்:
“பலகை வந்த பிறகுதான்
குறி பார்த்து அடிக்க வசதி.”

இங் கை ஷெங்,
வருகைப் பதிவேட்டில் மட்டுமே பேசுகிறவன்,
இரண்டு பக்கம் தந்தான்.

ஆதாரம் ஈ: என் அப்பா.
விமானச் சரக்கு முனையத்தில் இரவு வேலை.
காலை ஒன்பதுக்குப் படுப்பார்.
இரண்டரைக்குப் பந்து தொடங்கும்.
எங்கள் வீடு இரண்டாம் மாடி.
புகார் கொடுத்தவர் இவர். ஆறு முறை.
நம்பகத்தன்மை: குறைவு.
பலகையால் பயன் பெறுகிறவர் பேசுகிறார்.
தலையணையைக் காதில் அழுத்தி
அவர் படுத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.
ஆகவே என்னையும் முழுதாக நம்ப வேண்டாம்.
மேலும்,
அந்தப் பந்து என்னுடையது.

அவ்வளவுதான். அடுத்த வரி இல்லை.

“முடிவுரை எங்கே? இரண்டு மதிப்பெண் போகும்”
என்றார் பூன் லெங்.
சொல்லிவிட்டுத் தாளைக் கீழே வைக்கவில்லை.
“பதினைந்து வயது. என்ன முடிவுக்கு வருவான்?”
ஹஸ்லிண்டா.
பெஸ்தானா குளிரூட்டியை அணைத்தார்.
அது அணைந்த பிறகுதான் கேட்டது
தொலைவில் எங்கோ தூணில்
தப் தப்பென்று.

மதிப்பீட்டு அட்டவணை, நான்காம் படிநிலை:
‘தெளிவான முடிவுக்கு வருகிறார்.’
அந்த வரி நான் எழுதியது.
பென்சிலால்தான் அடித்தேன்,
பேனாவுக்குத் துணிச்சல் வரவில்லை.

பெற்றோர் சந்திப்பு.
ஒளிரும் பட்டை வைத்த மேலாடையைக் கழற்றாமலே
வேலையிலிருந்து நேராக வந்தார்.
நெகிழி நாற்காலியில் உட்கார்ந்து
இரண்டு பக்கத்தையும்
மகனை வாசித்துக் காட்டச் சொன்னார், சீனத்தில்.
மகன் வாசித்தான், தரையைப் பார்த்தபடி.
பந்து வந்த இடத்தில் கொஞ்சம் நின்றான்.
பிறகு அதையும் வாசித்தான்.

தந்தை பூன் லெங்கிடம் ஏதோ கேட்டார்.
பூன் லெங் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே
எங்களுக்குச் சொன்னார்:
“தனக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்கிறார்.”

இந்த ஆண்டு அந்த அலகில் ஸ்லைடே இல்லை.
பலகை அதே தூணில்.
புள்ளியைப் பற்றி நான் எழுதிப் போட்டிருந்தேன்.
எனக்கும் ஓர் எண் வந்திருக்கிறது.